கடற்கொள்ளையர்: கதையும் வரலாறும்
கேப் கோஸ்ட் விசாரணையை முன்வைத்துச் சில குறிப்புகள்

கடற்கொள்ளையன் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றும் உருவம் ஒன்றுண்டு. ஒற்றைக்கால், தோளிற் கிளி, தீவிற் புதைத்த பெட்டி, அதைக் காட்டும் வரைபடம் ஆகியன அதன் அங்கங்கள். இவை பெரும்பாலும் 1883இல் நூலுருப்பெற்ற ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' என்னும் நாவலின் வழியாகவே உலகெங்கும் பரவின. 1950இல் அந்நாவல் திரைப்படமானபோது, அதில் நடித்த றொபேட் நியூட்டன் இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதிப் பேச்சுவழக்கைக் கையாண்டார். அதன் பின்னர் திரையில் வந்த கொள்ளையர் பலரும் அவ்வாறே பேசலாயினர். புதையற் கதைக்கு வரலாற்றிற் காட்டக்கூடிய அடிப்படை மிகச் சிறிது. வில்லியம் கிட் என்பவன் 1699இல் வட அமெரிக்காவின் காடினர் தீவிற் சில பொருள்களைப் புதைத்தான். அவை விரைவிலேயே தோண்டியெடுக்கப்பட்டு இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவன் 1701 மே 23இல் தூக்கிலிடப்பட்டான்.

இக்கற்பனையை மறுத்துரைப்பது எளிது, பலர் செய்துள்ளனர். நம் கவனத்திற்குரியது வேறொரு வினா. கடற்கொள்ளையரை ஒடுக்கப்பட்ட மாலுமிகளின் கலகக்காரராக, ஒருவகைச் சனநாயகவாதிகளாகக் காணும் நோக்கு முற்போக்குச் சிந்தனையாளரிடையே செல்வாக்குப் பெற்றுள்ளது. ஹொப்ஸ்போமின் 'சமூகக் கொள்ளையர்' என்னும் கருத்து இதற்குத் தூண்டுதலாயிற்று. கிறிஸ்தோபர் ஹில் 1984இல் எழுதிய கட்டுரையும், மார்க்கஸ் றெடிக்கர் 1987இல் வெளியிட்ட நூலும் இதற்கு ஆய்வுவலுவூட்டின. இந்நோக்கில் உண்மை உண்டு. எவ்வளவு உண்மை என்பதைப் பாத்தலோமியூ றொபேட்ஸ் என்பவனது கூட்டத்தின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே நம் நோக்கமாகும்.

முதலிற் பொருளாதாரப் பின்னணி. 1713இல் உத்ரெக்ற் உடன்படிக்கையோடு ஸ்பானிய வாரிசுரிமைப் போர் பிரித்தானியாவைப் பொறுத்தவரை முடிவுற்றது. போர்க்காலத்தில் ஏறத்தாழ 50,000 பேரைக் கொண்டிருந்த பிரித்தானியக் கடற்படை, இரண்டே ஆண்டுகளில் 14,000க்கும் குறைவானோரைக் கொண்டதாகச் சுருங்கியது. வேலையிழந்தோர் துறைமுகங்களில் நிறைந்தனர்; வணிகக் கப்பல்களிற் கூலி ஏறக்குறைய அரைவாசியாக வீழ்ந்தது. எஞ்சிய வேலைகளுள் அடிமைக் கப்பல் வேலையே மிகக் கொடியது. அந்நூற்றாண்டில் ஆபிரிக்கக் கரைக்குச் சென்ற பிரித்தானிய அடிமைக் கப்பல்களின் மாலுமிகளுள் ஐவருக்கொருவர் என்னும் அளவிற் பயணத்திலேயே மாண்டனர். கசையடி, புழுத்த பிஸ்கற், பிடித்துவைக்கப்பட்ட சம்பளம் ஆகியவற்றுக்கு ஆளானவன் கொள்ளைக் கொடியைக் கண்டு அஞ்சாது அதன்கீழ்ச் சென்றதில் வியப்பில்லை.

றொபேட்ஸும் அத்தகையவனே. வேல்ஸ் தேசத்தவனான அவன் 'பிரின்சஸ்' என்ற அடிமைக் கப்பலில் மூன்றாந்தரத் துணையதிகாரியாகக் கடமையாற்றினான். 1719 ஜூனில் அக்கப்பல் ஹௌவெல் டேவிஸ் என்ற கொள்ளைத் தலைவனிடம் அகப்பட்டது. டேவிஸ் சில வாரங்களிற் கொல்லப்படவே, வந்து ஆறு வாரமும் நிரம்பாத றொபேட்ஸைக் கூட்டத்தவர் தலைவனாகத் தெரிந்தெடுத்தனர். வணிகக் கப்பலில் எத்தனை ஆண்டு உழைத்தும் அவன் கப்டன் ஆகியிருப்பான் என்று சொல்வதற்கில்லை.

அக்கூட்டத்தின் ஒப்பந்த விதிகள் பலராலும் எடுத்துக்காட்டப்படுவன. முக்கிய விடயங்களில் ஒவ்வொருவனுக்கும் ஒரு வாக்கு. உணவிலும் மதுவிலும் சம உரிமை. கொள்ளையிற் கப்டனுக்கும் குவாட்டர் மாஸ்டருக்கும் இவ்விரண்டு பங்கு, பீரங்கித் தலைவன் போன்றோருக்கு ஒன்றரை, சாதாரண மாலுமிக்கு ஒன்று. கையோ காலோ இழந்தவனுக்குப் பொதுநிதியிலிருந்து 800 ஸ்பானிய வெள்ளி நாணயம். கப்பற் சொந்தக்காரனின் இலாபத்தையும் கடைநிலை மாலுமியின் கூலியையும் அறிந்த எவரும் இவ்விதிகளின் பெறுமதியை உணர்வர். சூதாட்டத் தடை, இரவு எட்டு மணிக்கு விளக்கணைத்தல், போரிற் கப்பலைவிட்டு நீங்கியவனுக்கு மரணம் அல்லது ஆளில்லாத் தீவில் விடப்படுதல் ஆகியனவும் அவற்றுள் அடங்கும். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. மூல ஆவணத்தைக் கொள்ளையர் பிடிபடும் வேளையிற் கடலில் எறிந்துவிட்டனர். நம்மிடம் உள்ளது 1724இல் இலண்டனில் வெளிவந்த, கப்டன் சார்ள்ஸ் ஜோன்சன் என்ற பெயர் தாங்கிய நூலின் வாசகமே. அப்பெயருக்குரியவர் யாரென்பது இன்றும் விவாதத்துக்குரியது. அவர் விற்பனையை நோக்கி எழுதியவர் என்பதையும் நினைவிற் கொள்ளுதல் நன்று.

விதிகள் கூறும் சமத்துவம் வயிற்றை நிரப்பவில்லை. 1720இல் இக்கூட்டம் கேப் வேர்ட் தீவுகளை அடைய முயன்று, காற்றால் விலக்கப்பட்டு, மீண்டும் அத்திலாந்திக்கைக் கடந்து தென்னமெரிக்கக் கரையை நாட நேர்ந்தது. அப்போது 124 பேருக்கு 63 கலன் தண்ணீர்ப் பீப்பாய் ஒன்றே எஞ்சியிருந்ததாக ஜோன்சன் எழுதுகிறார். நாளொன்றுக்கு ஒரு வாய்த் தண்ணீர், கடல்நீரையும் தம் சிறுநீரையும் குடித்தவர் பலர், இறந்தவரும் பலர். நோயும் அவ்வாறே. பிளாக்பியட் எனப்படும் எட்வேட் டீச் 1718 மே மாதத்திற் சார்ள்ஸ்ரன் துறைமுகத்தை முற்றுகையிட்டுக் கேட்டது மருந்துப் பெட்டியேயன்றிப் பொன்னன்று. அவனது கப்பலின் சிதைவு 1996இற் கண்டறியப்பட்டபின், பாலியல் நோய்க்குப் பாதரசம் ஏற்றப் பயன்பட்ட பீச்சுகுழலொன்றும் அதிலிருந்து எடுக்கப்பட்டது. 1718 நவம்பர் 22இல் அவன் கொல்லப்பட்ட பின்னர் கைப்பற்றப்பட்ட கொள்ளைப்பொருள் யாதெனில், 25 பீப்பாய்ச் சீனியும், கொக்கோ மூடைகளும், ஒரு பீப்பாய் அவுரியும், ஒரு கட்டுப் பருத்தியுமாம்! பலசரக்குக் கடையின் இருப்புப் பட்டியலை இது நினைவூட்டுகின்றது.

இனி, கொள்ளையரின் நீதியுணர்வு பற்றி. கைப்பற்றிய கப்பலின் மாலுமிகளிடம், உங்கள் கப்டன் உங்களை எவ்வாறு நடத்தினான் என வினவி, கொடியவனைத் தண்டிப்பது அவர்தம் வழக்கம். 1719இற் சியறா லியோன் ஆற்றில் அகப்பட்ட வில்லியம் சினெல்கிறேவ் உயிர்தப்பியது, இவரைப்போல் நல்லவர் இல்லையென அவரது மாலுமிகள் மன்றாடியதாலேயே. இது றெடிக்கர் முதலியோர் விரும்பிக் காட்டும் சான்று. எனினும் சினெல்கிறேவ் அடிமை வியாபாரி; பின்னர் 1734இல் அவ்வியாபாரத்தை நியாயப்படுத்தி நூலெழுதியவர். அவரது கப்பலின் அடித்தட்டில் அடைக்கப்படுவோரிடம் அவ்வினா கேட்கப்பட்டிருந்தால் விடை யாதாயிருக்கும்? அவர்களை எவரும் கேட்கவில்லை.

இந்துசமுத்திரத்திலும் நிலைமை வேறன்று. 1695இல் ஹென்றி எவெரி என்பவன், ஒளரங்கசீப்பின் 'கஞ்சி சவாய்' என்ற பெருங்கப்பலை, மக்கா யாத்திரிகருடன் சூரத்துக்குத் திரும்புகையிற் சூறையாடினான். கப்பலிலிருந்த பெண்கள் நாட்கணக்கில் வன்முறைக்குள்ளாயினர். சூரத்திலிருந்த கிழக்கிந்தியக் கம்பனியார் இதற்காகச் சிறைவைக்கப்பட்டனர். 1712இல், இருபது ஆண்டுகளுக்குள், எவெரியின் கதை இலண்டன் அரங்கிற் காதல் நாடகமாயிற்று. கற்பனையின் தொடக்கத்தைத் தேடுவோர் ஸ்டீவன்சனோடு நின்றுவிடலாகாது.

றொபேட்ஸின் கூட்டம் 1722 ஜனவரியில் மேற்காபிரிக்காவின் உவிடா துறையை அடைந்தது. அங்கு நின்ற 11 கப்பல்கள் பணிந்தன. கப்பலொன்றுக்கு எட்டு இறாத்தல் பொற்றூள் மீட்புப்பணமாகக் கேட்கப்பட, 'போகியுபைன்' என்ற அடிமைக் கப்பலின் கப்டன் மறுத்தான். அதனை எரிக்கக் கட்டளை பிறந்தது. உள்ளே ஏறத்தாழ 80 ஆபிரிக்கர் இருவர் இருவராக விலங்கிடப்பட்டிருந்தனர். அவர்களை விடுவித்துக் கரைசேர்க்கவே முதலில் எண்ணினராம். விலங்குகளைக் கழற்றுதல் நேரமெடுக்கும் வேலையாயிருந்ததனால், அவர்களோடு சேர்த்தே தீயிட்டனர். நீரிற் குதித்தோரைச் சுறாக்கள் கிழித்தன. எல்லோருக்கும் ஒரு வாக்கு என எழுதிய கைகள் செய்த செயல் இது. மாலுமியின் வர்க்கக் கோபம் உண்மையானது. அது நிறக்கோட்டிற்கு அப்பாற் சென்றதா என்ற வினாவை எழுப்பாது அதனைப் புரட்சியென்று போற்றுதல் நம்மைப் போன்றோருக்குத் தகாது. கொள்ளைக் கப்பல்களில் ஆபிரிக்கர் சிலர் சமமாகப் போரிட்டனர் என்பதும் உண்மையே. ஆயினும் பிறிதிடத்தில் அவர்கள் பங்கிடப்படும் பொருளாகவும் இருந்தனர்.

1722 பெப்ரவரி 10இல் லோப்பஸ் முனையருகே, சலோனர் ஓகிளின் 'சுவாலோ' என்ற போர்க்கப்பல் றொபேட்ஸை எதிர்கொண்டது. முன்னாட் கைப்பற்றிய கப்பலின் மதுவைக் குடித்து அவன் ஆட்களிற் பலர் மயங்கிக் கிடந்தனர். பீரங்கிச் சிதறுகுண்டு பட்டு அவன் மாண்டான். அவன் விருப்பப்படியே உடல் கடலில் எறியப்பட்டது. 400க்கு மேற்பட்ட கலங்களைப் பிடித்தான் எனப்படும் அவனது கொள்ளை வாழ்வு மூன்றாண்டும் நிரம்பவில்லை. அத்தொகையில் நியூபௌண்ட்லாந்தின் மீன்பிடிப் படகுகளும் அடங்கும்.

பிடிபட்டோர் கேப் கோஸ்ட் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டனர். அக்கோட்டை றோயல் ஆபிரிக்கன் கம்பனியின் அடிமை வியாபாரத் தலைமையிடம். வியாபாரத்துக்கு ஊறுசெய்தோரை வியாபாரத்தின் இல்லத்திலேயே விசாரித்தனர். 52 பேர் தூக்கிலிடப்பட்டனர். இருபதுபேர் கம்பனிக்குக் கட்டாய உழைப்புச் செய்ய ஒப்பந்தப்படுத்தப்பட்டனர்; அவர்களுக்கு அது தாமதித்த மரணமேயாயிற்று. வலிந்து சேர்க்கப்பட்டோம் எனக் கூறிய பலர் விடுவிக்கப்பட்டனர். ஓகிள் 1723இல் சேர் பட்டம் பெற்றான்.

கொள்ளைக் கப்பல்களிற் பிடிபட்ட ஆபிரிக்கர் 60க்கும் மேற்பட்டோர். அவர்கள் குற்றவாளிகளா, வலிந்து சேர்க்கப்பட்டோரா என்று நீதிமன்றம் விசாரிக்கவில்லை. அவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டனர். தூக்கிலிடப்பட்டவர்களின் பெயரும் வயதும் ஊரும் ஜோன்சனின் நூலில் நிரலாக உள்ளன. அந்நிரலில் இவர்களில் ஒருவரும் இல்லை.