கொடைக்கானலில் குரூப்பா ட்ரெக்கிங் போறீங்களா? அனுமதி ஏன் அவசியம்? முழு விவரம்!

காலையில் ஏறி, சாயங்காலம் இறங்கிவிடலாம் என்று நண்பர்கள் கூட்டமாகக் கிளம்பும் இடம் கொடைக்கானல். ஆனால் வழி தெரிந்தால் மட்டும் போதாது. நீங்கள் காட்டுக்குள் இருப்பது வனத்துறைக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏன்?

எங்கெல்லாம் நடக்கிறார்கள்?

பழனி மலைத்தொடரின் உயரமான சிகரம் வந்தரவு, 2,553 மீட்டர். ஒருநாள் நடைக்குப் பலரும் பேசுவது, மலைச்சாலையில் கொடைக்கானலுக்குச் சற்று முன்பு வரும் பெருமாள் மலை உச்சியைத்தான். வட்டக்கானலில் இருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் பாதை, மலைச்சாலை வருவதற்கு முன்பே மக்கள் நடந்த பழைய வழி.

அனுமதி எதற்கு?

2013ல் இங்கு சுமார் 609 சதுர கி.மீ. பரப்பு, கொடைக்கானல் வன உயிரின சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 'ஊர்க்காரர் ஒருத்தர் கூட்டிட்டுப் போறார்' என்பது அனுமதி ஆகாது.

குரங்கணி சொன்ன பாடம்

2018 மார்ச் 11. பக்கத்து மாவட்டமான தேனியில், கொழுக்குமலையில் இருந்து குரங்கணிக்கு இறங்கிய இரண்டு குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்தப் பாதைக்கு முறையான அனுமதி பெறவில்லை என்பது பிறகு தெரியவந்தது. அதே ஆண்டு, மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த தமிழ்நாடு அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது.

சோலைக்காடு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆனால் சரிவில் உள்ள புல், கோடையில் காய்ந்து சருகாகிவிடும். தீ எப்போதும் மேட்டை நோக்கித்தான் வேகமாக ஏறும். மனிதர் ஓடி அதை முந்துவது கடினம். அனுமதி கேட்கும்போதுதான் 'இன்று அந்தப் பக்கம் போகாதீர்கள்' என்று சொல்ல ஆள் இருக்கும். யார், எத்தனை பேர், எந்தப் பாதை என்ற விவரம் இருந்தால்தான் மீட்புக் குழுவும் தேட முடியும்.

எப்படிப் பதிவு செய்வது?

2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளம் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுக்க 40 பாதைகள். எளிது, மிதமானது, கடினம் என மூன்று வகை. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருவார்கள். காட்டுத்தீ காலமான பிப்ரவரி நடுவில் இருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை பாதைகள் மூடப்படலாம் என்பதால், தேதியைப் பார்த்துவிட்டு லீவு போடுங்கள். கொடைக்கானலுக்கு வண்டியில் வர இ-பாஸ் முறை 2024 மே மாதம் தொடங்கியது. இ-பாஸ் ஊருக்குள் வர மட்டுமே. காட்டுக்குள் போக அல்ல!

மறக்கக் கூடாதவை

* சீக்கிரம் கிளம்புங்கள். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் பத்தடி தூரம்கூடத் தெரியாது.
* முன்னால் வழிகாட்டி, கடைசியில் அனுபவசாலி ஒருவர். மெதுவாக நடப்பவரின் வேகம்தான் குழுவின் வேகம்.
* காட்டுமாடு நின்றால் செல்ஃபி வேண்டாம், விலகி வழிவிடுங்கள்.
* பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது.
* காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் இருக்காது. எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.