முறுக்கிய குருத்தும் மஞ்சள் உண்ணியும்

விதை முளைத்து, வித்திலைகள் இரண்டும் செம்மையாக விரிந்து, நாலைந்து இலை வரையில் நாற்று நன்றாகவே நிற்கும். அதன்பின் வரும் குருத்துத்தான் கோணிக்கொள்ளும். இலை ஒடுங்கித் தடித்து, ஓரங்கள் கீழ்நோக்கி வளைந்து, நுனி முறுக்கேறி வளர்ச்சி நின்றுவிடும். வெள்ளவத்தை மாடிவீடுகளின் பூச்சாடிகளிலும் கொட்டாஞ்சேனைக் கொல்லைப்புறங்களிலும் மிளகாய் விதை போட்டவர்கள் இக்காட்சிக்குப் புதியவர் அல்லர். விதை கூடாது என்று தீர்ப்பளித்து, விற்ற கடைக்காரரையும் இரண்டு வார்த்தை வைது, நாற்றைப் பிடுங்கி எறிவதே வழக்கம். பல வேளைகளில் அத்தீர்ப்புப் பிழையானது. இங்கே குற்றவாளியாகக் கூடிய ஓர் உயிரின் வரலாறு, கொழும்பில் அச்சேறிய ஒரு நூலோடு தொடர்புடையது.

ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரத் தோட்டத்திலே தேயிலை பயிரிட்டார். ஈராண்டு கழித்து, 1869இல், கோப்பிச் செடியிலே துருநோய் கண்டது. அந்நோய் கோப்பியை அழிக்க, மலைநாடு தேயிலைக்கு மாறிற்று. 1883இல் கொழும்பிலே தேயிலை ஏலமும் தொடங்கியது. அக்காலத்துத் தேயிலை விதையிலிருந்து எழுந்ததாகும். ஆகவே நாற்றுமேடையில் குருத்துக் கெட்டால் தோட்டத்தின் எதிர்காலமே கெட்டதாகிவிடும். கோப்பி போய்த் தேயிலை வந்தபோதும் பகை தொலையவில்லை. 1861இல் நீட்னர் என்பவர் கோப்பியில் கண்டு பெயரிட்ட செவ்வுண்ணி, தேயிலைக்கும் பகையாக வந்து அமர்ந்தது.

இந்நிலையிலேதான் எட்வேட் ஏணஸ்ட் கிறீன் தேயிலைச் செடியின் பூச்சிப்பகைகள் பற்றி எழுதிய நூல் 1890இல் கொழும்பிலே வெளியாயிற்று. கிறீன் இந்நாட்டிலே பிறந்தவர். பூண்டுலோயாவிலே தோட்டம் நடத்தியவர். பிற்காலத்தில் அரசாங்கப் பூச்சியியல் அறிஞராக விளங்கியவர். தேயிலைக் குருத்தைக் கெடுக்கும் மஞ்சள் உண்ணியை அவர் 'அக்காரஸ் திரான்ஸ்லூசென்ஸ்' எனக் குறித்தார். ஒளி ஊடுருவும் உண்ணி என்பது பொருள். பொருத்தமான பெயர், ஆயினும் நிலைக்கவில்லை. 1904இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில், கண்ணாடி வீடொன்றில் வளர்ந்த மாங்குருத்திலே அதே உயிரைக் கண்ட நேதன் பாங்க்ஸ் 'லாற்றஸ்' என்று பெயரிட்டார். அப்பெயரே நின்றது. ஒரு நாட்டார் மஞ்சள் உண்ணி என, இன்னொரு நாட்டார் வெள்ளை உண்ணி என, எலுமிச்சைத் தோட்டக்காரர் வெள்ளி உண்ணி என, எல்லாம் ஒன்றே என்று தெளிவதற்குக் காலம் சென்றது. 1965இல் அதற்கு வழங்கிய இனப்பெயர் 'பலவற்றையும் உண்பது' என்ற பொருளையும் தாங்கி நிற்கிறது. தேயிலை, சணல், பருத்தி, மிளகாய், பப்பாசி என்று அது விட்டுவைப்பது குறைவு.

இதனைக் கண்டுபிடிப்பது ஏன் இத்துணைக் கடினம்? பெண் உண்ணியே ஒரு மில்லிமீற்றரின் ஐந்தில் ஒரு பங்குதான். இளங்குருத்தின் மடிப்பிலும் இலையின் அடிப்புறத்திலும் மறைந்து வாழும். வெப்பமான காலத்தில் ஒரு வாரத்துக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடும். அதன் உமிழ்நீரிலுள்ள நஞ்சு விரியாத இலையையே உருமாற்றிவிடுவதால், உண்ணி அகன்ற பின்னரும் இலை கோணலாகவே நிற்கும். வந்து பார்ப்பவர் குற்றம் நடந்த இடத்தைக் காண்பாரேயன்றிக் குற்றவாளியைக் காணார்.

எனினும் அடையாளங்கள் உண்டு. முளைக்கும்போதே வித்திலை கோணியிருந்தால், விதையுறை கழலாது பற்றியிருக்கலாம். அது தானே நேராகும். மிளகாயில் இலை மேல்நோக்கிக் கிண்ணம்போல் மடிந்தால் பனிப்பூச்சியையும், கீழ்நோக்கி வளைந்து அடிப்புறம் வெண்கல நிறமாக மினுங்கினால் மஞ்சள் உண்ணியையும் ஐயுறவேண்டும். அயலிலுள்ள வெவ்வேறு இனச் செடிகளும் ஒரே நாளில் முறுகினால் களைநாசினி காற்றோடு வந்திருக்கக்கூடும். பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையால் குருத்தின் அடிப்புறத்தைப் பார்த்தால், வெண்புள்ளிகள் வரிசையாகப் பதித்த முட்டைகள் தெரியும். இவ்வளவு அழகிய முட்டையிலிருந்து இவ்வளவு கேடா என்று வியக்கத் தோன்றும்.

வெள்ளை ஈயின் கால்களைப் பற்றிக்கொண்டு இவ்வுண்ணி செடிவிட்டுச் செடி செல்லும் என்பதும் அறியப்பட்ட செய்தி. ஆதலால் மூன்றாம் மாடிச் சாடியும் அதற்கு எட்டாததன்று. கந்தகத்தூளை நீரிற் கலந்து, வெயில் தணிந்த மாலையில், இலையின் அடிப்புறம் நனையத் தெளிப்பது பழைய முறை. தெளித்த பின்னர் பழைய இலைகளைப் பார்த்துப் பயனில்லை, அவை நிமிரா. அடுத்து வரும் குருத்து நேராக விரிந்தால் உண்ணியே காரணம். அதுவும் மஞ்சளும் பச்சையுமாகப் புள்ளிபட்டு முறுகி வந்தால், நச்சுயிரி நோயென்று கருதி அந்நாற்றை அகற்றிவிடலாம்.