எருமைகள் இல்லாத ஏரி

கம்பத்திலிருந்து குமுளிக்கு மலையேறும் பாதையில் ஒரு மாலை எங்கள் பஸ் நின்றுவிட்டது. மலைமாடுகள் குறுக்கே போய்க்கொண்டிருந்தன. மாடு மேயாத காட்டில் பட்சி தங்காது என்றார் கூட வந்த கிழவர். பக்கத்திலிருந்த படித்த நண்பர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பரத்பூர் ஞாபகம் வந்தது.

1933-இல் இதே குமுளிப் பக்கம் பறவைகளை ஆராய வந்தவர் சலீம் அலி. பறவை விஷயத்தில் அவர் வாக்குக்கு அப்பீல் கிடையாது. ராஜஸ்தானத்துப் பரத்பூர் ஏரியைக் காப்பாற்றியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. மகாராஜாவின் வேட்டைக் களம் அது. 1938-இல் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. அதைக் கல்லில் வேறு பொறித்து வைத்திருக்கிறார்கள்!

துப்பாக்கி ஓய்ந்த பிறகு, நிபுணர்களின் கண்ணில் எருமைகள் பட்டன. அவை தண்ணீரைக் கலக்குகின்றன, பறவைகளின் இரையைத் தின்கின்றன என்று எண்ணினார்கள். நியாயமாகத்தான் தோன்றியது. 1982 நவம்பரில் மேய்ச்சல் தடுக்கப்பட்டது. தலைமுறைகளாக அங்கே மாடு மேய்த்த கிராமத்தார் திரண்டார்கள். போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின.

அதற்குச் சற்று முன்பே, சலீம் அலி வளர்த்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் அந்த ஏரியில் ஆராய்ச்சி தொடங்கியிருந்தார்கள். பத்து வருஷம் பறவையையும் புல்லையும் மீனையும் விடாமல் கணக்கெடுத்தார்கள். எருமை போனதும் ஒருவகை நீர்ப்புல் கொழுத்துப் படர்ந்தது; திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது; வாத்துகள் குறைந்தன. அந்தப் புல்லைத் தின்று ஏரியைத் திறந்து வைத்திருந்தவை எருமைகளே! முடிவான அறிக்கை வருமுன், 1987-இல், சலீம் அலி காலமாகிவிட்டார். தம் கழகமே தம் கருத்தைத் திருத்தியதற்கு அவர் வருந்தியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. எருமைகள் மட்டும் திரும்பவில்லை. தேசியப் பூங்காவில் மேய்ச்சலுக்குச் சட்டம் இடம் தரவில்லை. கிராமத்தார் புல்லறுத்துக்கொள்ளப் பின்னர் அனுமதித்தார்கள்.

ஏரி வேறு, மலை வேறு. பரத்பூரின் விடையை மேகமலையில் ஒட்டவைப்பதும் பிசகுதான். 2022-இல் சென்னை உயர்நீதிமன்றம் காட்டு மேய்ச்சலைத் தடுத்தது. பிறகு அந்தத் தடையைச் சரணாலயங்கள், புலிகள் காப்பகங்களோடு நிறுத்திக்கொண்டது. மேகமலையும் அதில் அடக்கம். இங்கே யாராவது பத்து வருஷம் உட்கார்ந்து எண்ணினார்களா என்று நண்பரைக் கேட்டேன். அதற்குள் கடைசி மாடும் கடந்துவிட, டிரைவர் ஹாரனை அழுத்தினார்.