கம்பி வழிக் கொங்கு – 9: டன் கணக்கில் வெள்ளி

பைக்காரா மின்சாரம் மலையிறங்கிய கதையைப் போன வாரம் பார்த்தோம். அங்கே உற்பத்தி தொடங்கியது 1932-இல். தமிழ்ப் படம் வாய் திறந்ததோ அதற்கு முந்தைய ஆண்டு. 1914-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கோவையில் கட்டிய வெரைட்டி ஹால் ஊமைப் படங்களுக்கானது. இருபதே ஆண்டுகளில் ஊரின் தேவை மாறிவிட்டது: ஆலைக்கு மோட்டார், கொட்டகைக்கு ஒலிபெருக்கி.

இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே சங்கதிதான். காந்தத்தின் நடுவே சுற்றிய செப்புக் கம்பி. மோட்டாரில் அது சுழற்றுகிறது, ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் ஆட்டுகிறது. 1937-இல் ஜி.டி. நாயுடுவின் துணையோடு டி. பாலசுந்தரம் நாயுடு கோவையின் பீளமேட்டில் உள்நாட்டிலேயே மோட்டார் செய்து காட்டிய பிறகு, ‘வைண்டிங்’ கோவைக்காரர் வாயில் அன்றாடச் சொல்லாகிப் போனது.

செம்பு எதற்கு? அதைவிட வெள்ளி நன்றாக மின்சாரம் கடத்துமே! கடத்தும்தான். ஆனால் சுமார் ஆறு சதவீதம்தான் கூடுதல். இன்று வீட்டில் பாட்டுக் கேட்கும் ரசிகர்கள் சிலர் ஆம்ப்ளிபயரிலிருந்து ஸ்பீக்கர் வரை வெள்ளிக் கம்பி போட்டுக்கொள்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கருக்குப் போக வர ஆறு மீட்டர் கம்பி. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பில் மின்தடை ஏறத்தாழ 0.041 ஓம், அதே கனத்து வெள்ளியில் 0.038. ஸ்பீக்கரின் தடையோ 8 ஓம்! காதுக்கு வித்தியாசம் தெரிகிறது என்பவர்களோடு நான் மல்லுக்கு நிற்பதில்லை. கணக்கு மட்டும் அவர்கள் பக்கம் இல்லை. செப்புக் கம்பியையே கொஞ்சம் தடிமனாகப் போட்டால் தீர்ந்தது.

வெள்ளியைக் கம்பியாக்கும் கை கொங்கில் இல்லாமலும் இல்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுக்குப் பேர்போனது. துளையிட்ட எஃகுத் தகட்டில் பெரிய துளையிலிருந்து சின்னத் துளைக்கு மாற்றி மாற்றி இழுத்து, இறுகும்போது தணலில் காட்டி இளக்கும் வேலை பட்டறைக்காரர்களுக்குப் பழக்கம். ஆனால் கொலுசு தேயாமலிருக்க வெள்ளியோடு செம்பு சேர்ப்பார்கள். சேர்த்தால் அந்த ஆறு சதவீதமும் கரைந்துவிடும்.

அப்படியானால் வெள்ளிக் கம்பி உண்மையிலேயே தேவைப்பட்ட நாள் ஒன்று உண்டா? உண்டு. அதற்குக் கடல் தாண்ட வேண்டும்.

1942. உலகப் போர். தோட்டா உறைக்குப் பித்தளை, பித்தளைக்குச் செம்பு. அமெரிக்காவில் செம்புக்குத் தட்டுப்பாடு. அந்த நேரம் பார்த்து, இதுவரை யாரும் சுற்றியிராத அளவில் மின்காந்தங்களைச் சுற்றியாக வேண்டிய நெருக்கடி ராணுவத்துக்கு. பீளமேட்டில் சுற்றிய அதே வைண்டிங்தான். இங்கே கையளவு, அங்கே கட்டடத்தளவு. செம்பு கிடைக்காது. செம்பை விஞ்சும் உலோகமோ அரசுக் கருவூலத்தில் கட்டி கட்டியாகச் சும்மா கிடக்கிறது.

ஆகஸ்ட் 3. கென்னத் நிக்கோல்ஸ் என்ற ராணுவ அதிகாரி கருவூலத் துறையின் டேனியல் பெல் முன் உட்கார்ந்தார். வெள்ளி வேண்டும் என்றார். எதற்கு என்பது ரகசியம். எவ்வளவு என்பதற்கு மட்டும் பதில் இருந்தது.

“ஆறாயிரம் டன்.”

பெல்லின் முகம் சுருங்கியது. அவரை உறுத்தியது அளவு அல்ல, ரகசியமும் அல்ல. நிக்கோல்ஸ் சொன்னதில் வேறொன்று.

(தொடரும்)