ஒரே இல்லம், இரு பாதைகள்

பிள்ளையை இங்கேயே படிக்க வைப்பதா, கடல் கடந்து அனுப்புவதா? இக்கேள்வியோடு வரும் பெற்றோரை இன்று அடிக்கடி சந்திக்கின்றேன். ஒரு கையில் உள்ளூர்க் கல்லூரியின் சேர்க்கைக் கடிதம். மறு கையில் அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் அழைப்பு. இடையே வங்கிக் கடன், உறவினர் பேச்சு, தாயின் கலக்கம். இக்கேள்வி புதிதன்று. தமிழ்க் குடும்பம் ஒன்று ஏறத்தாழ 23 ஆண்டு இடைவெளியில் இருமுறை இதனை எதிர்கொண்டது. இருமுறையும் வெவ்வேறு விடை கண்டது. அவ்வரலாற்றை எண்ணிப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

1888இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். மாணவராயிருந்தபோதே, 1906இல், அவருடைய ஆய்வுக் கட்டுரை இங்கிலாந்தின் புகழ்பெற்ற அறிவியல் இதழொன்றில் வெளிவந்தது. மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்லுமாறு ஆசிரியர்கள் தூண்டினர். ஆனால் அவரைச் சோதித்த மருத்துவர், அந்நாட்டின் குளிரை இவ்வுடல் தாங்காது என்று கூறிவிட்டார். கதவு மூடப்பட்டது. 1907இல் அவர் அரசின் நிதித்துறைப் பணியில் சேர்ந்து கல்கத்தா சென்றார்.

மூடிய கதவின்முன் அவர் அமர்ந்து அழவில்லை. அலுவலகம் செல்லுமுன்னும் திரும்பிய பின்னும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் கூடத்தில் ஆய்வு செய்தார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தபோது, அயல்நாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றது. அதற்காகக் கடல் கடக்க அவர் இசையவில்லை. துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜியின் முயற்சியால் விதியே தளர்த்தப்பட்டது. 1917இல் பதவியேற்றார். 1921இல் அவர் முதன்முறையாக இங்கிலாந்து சென்றது மாணவராக அன்று. தம் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாக. 1928 பிப்ரவரி 28 அன்று, கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு, எளிய கருவிகளைக் கொண்டு தம் பெயர் தாங்கும் ஒளி விளைவைக் கண்டார். 1930இல் நோபல் பரிசு பெற்றார். தம்மைத் தடுத்த மருத்துவருக்குத் தாம் நன்றியுடையவர் என்று பிற்காலத்தில் அவரே கூறியதுண்டு.

அதே 1930ஆம் ஆண்டு, அவருடைய தமையனார் சி. எஸ். ஐயரின் மைந்தர் சுப்பிரமணியன் சந்திரசேகர் எதிர்த்திசையில் பயணமானார். அவரும் மாநிலக் கல்லூரி மாணவரே. 1928இல் சென்னைக்கு வந்த ஜெர்மானிய அறிஞர் சாமர்ஃபெல்ட், இம்மாணவர் நூல்களில் கற்றிருந்த அணு இயற்பியல் பழையதாகிவிட்டது என்பதை உணர்த்தினார். சந்திரசேகர் சோர்ந்துவிடாமல் புதியதைத் தாமே கற்று, கட்டுரை எழுதி, கேம்பிரிட்ஜ் அறிஞர் ஃபவுலருக்கு அனுப்பினார். அரசின் உதவித்தொகை கிடைத்தது. அவர் அங்கே சென்றது பெயருக்காக அன்று; தாம் தேடிய ஆசிரியரும் துறையும் அங்கிருந்த காரணத்தால்.

ஆனால் அவ்வேளையில் அன்னை சீதாலட்சுமி கடும் நோயுற்றிருந்தார். இப்சனின் நாடகத்தைத் தமிழில் தந்த கல்வியாளர் அவர். மகன் தயங்கினான். போய் வா என்று ஊக்கமளித்தவர் அந்த அன்னையே. 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பல் புறப்பட்டது. இறக்கும் விண்மீன் ஒன்று சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்டால் வெண்குறுமீனாக நிலைக்க இயலாது என்னும் முடிவுக்கான கணக்கை அக்கப்பலிலேயே தொடங்கினார். 1931 மே மாதம் அன்னை மறைந்தார். மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார்.

அவருக்கு நோபல் பரிசு கிடைக்க 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில், 1953இல், அவர் அமெரிக்கக் குடியுரிமை ஏற்றபோது தந்தையார் வருந்தினார். இராமன் தாயகத்திற்கு ஆய்வுக் கூடங்களையும் மாணவர்களையும் விட்டுச் சென்றார். சந்திரசேகரின் மாணவர்கள் பெரும்பாலும் சிகாகோவில் உருவாயினர். எந்தப் பாதையும் விலையின்றி அமைவதில்லை.

இவ்விரு வாழ்வும் எதைக் கற்பிக்கின்றன? உள்நாடா, வெளிநாடா என்பது இரண்டாவது கேள்வி. இருவரும் இங்கேயே, இருந்த நூல்களைக் கொண்டு, யாரும் ஏவாமலே உழைத்தவர்கள். அவ்வுழைப்பே ஒருவரை இங்கு நிறுத்தியும் உயர்த்தியது. மற்றவரை அங்கு அனுப்பியும் உயர்த்தியது. ஆகவே, பெற்றோரே, முதலில் இதைக் கேளுங்கள்: என் பிள்ளை எதைத் தேடுகின்றான்? என் மகள் எதைத் தேடுகின்றாள்? அது இங்கே கிடைக்காதா? இங்கிருக்கும் வாய்ப்பை இதுவரை எவ்வாறு பயன்படுத்தினாள்? அத்தேடல் பிள்ளையுடையதா, அன்றி அண்டை வீட்டாருக்குக் காட்ட நாம் விரும்பும் பெருமையா?

பணமின்மையாலோ உடல்நலத்தாலோ கதவு மூடப்பட்ட இல்லங்கள் மனம் தளர வேண்டா; இராமனை நினையுங்கள். அனுப்பத் துணியும் இல்லங்களோ, அந்த அன்னையை நினையுங்கள். அவர் மகனை விடுத்தது தம் முதுமைக்கு வருவாய் தேடி அன்று. திரும்பி வருவதைத் தாம் காணமாட்டோம் என்ற நிலையிலும் விடுத்தார். அவ்வாறு விடுக்க நம்மால் இயலுமா என்று நம் நெஞ்சைக் கேட்டபின், விண்ணப்பத்தில் கையொப்பமிடுவோம்.