சண்டை மீனும் இடைத்தடுப்பும்

தாய்லாந்தின் வயல்களிலும் ஆழமற்ற நீர்நிலைகளிலும் வாழும் சண்டை மீனை அந்நாட்டு மக்கள் 'பிளா காட்' என்பர். 'கடிக்கும் மீன்' என்பது பொருள். பூச்சி, புழுக்களை இரையாக்கும் இம்மீனின் ஆண்கள், தம் எல்லைக்காக ஒன்றையொன்று தாக்கும். அதனாலேயே நெடுங்காலமாகப் பந்தயத்துக்கு வளர்க்கப்பட்டன. 1910இல் சார்லஸ் டேட் ரீகன் இதற்கு 'பெட்டா ஸ்பிளெண்டன்ஸ்' என்று அறிவியல் பெயரிட்டார்.

மூர்க்கத்தை அடக்க வளர்ப்போர் கண்ட வழி எளியது: ஆண் ஒவ்வொன்றுக்கும் தனிக் குடுவை, குடுவைகளுக்கு இடையே ஓர் அட்டை. எதிரி கண்ணில் பட்டால் செவுள் மூடியை விரிக்கும், மறைத்தால் அடங்கும். முட்டையிட்டதும் பெண் மீனைப் பிரித்துவிடுவர். இல்லையேல் முட்டைகள் உள்ள நுரைக்கூட்டைக் காக்கும் ஆண் அதையும் தாக்கும். காய்ந்த நாட்டுவாதுமை இலையை நீரில் இடுவதும் அங்குள்ள வழக்கம். 2019இல் தாய்லாந்து சண்டை மீனைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.