படிகள் மறைந்த கணக்கு: மலையோரத் தமிழரும் வேதியியல் கொள்குறி வினாவும்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனைக்குச் செல்லும் சாலையில் அமைந்த ஏலப்பாறை, பீர்மேடு வட்டத்துத் தேயிலைத் தோட்டங்களை ஒட்டி வளர்ந்த சிற்றூர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் காப்பியும், இலைத்துரு நோய் அதை அழித்தபின் தேயிலையும் பயிரான இம்மலைகளுக்குக் கூலிவேலைக்கென வந்த தமிழரின் வழியினர் இன்றும் இங்கு வாழ்கின்றனர். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது பீர்மேடும் தேவிகுளமும் கேரளத்தின் பங்காயின. இதனால் பாலக்காட்டு எல்லையோரத்தில் போலவே இடுக்கியிலும், பள்ளியில் தமிழ்வழியில் பயின்ற மாணவர் தொழிற்கல்விக்குப் போட்டியிட ஆங்கில வினாத்தாளை எதிர்கொள்ளும் நிலை உருவாயிற்று. அவ்வினாத்தாளின் வேதியியல் பகுதி எப்படி உருப்பெற்றது, அது கணக்குப் போடும் முறையை எவ்வாறு மாற்றியது என்பது தனியே ஆராயத்தக்க வரலாறு.

நுழைவுத் தேர்வுகள் பரவுவதற்கு முன், வேதியியல் கணக்கு என்பது விடைத்தாளில் படிப்படியாக எழுதிக் காட்டப்படுவதாகவே இருந்தது. சமன்பாட்டைச் சமன் செய்தல், எடையைப் பொருளின் அளவைக் குறிக்கும் அலகான மோலாக மாற்றுதல், கிளார்க்ஸ் டேபிள் எனப்பட்ட மடக்கை அட்டவணையைப் பார்த்துப் பெருக்குதல், அலகோடு விடை எழுதுதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. இறுதி எண் பிழைத்தாலும், வழி சரியாயிருந்தால் திருத்துபவர் பாதிக்கு மேல் வழங்குவார்.

இவ்வழக்கத்தை மாற்றிய, தரப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தேர்ந்து குறிக்கும் கொள்குறி வினாவகை அமெரிக்காவில் தோன்றியது. கான்சாஸ் மாநிலத்துக் கல்வியாளர் பிரெடெரிக் கெல்லி முதல் உலகப் போர்க் காலத்தில், திருத்துபவரின் விருப்புவெறுப்புக்கு இடமளிக்காத வாசிப்புத் தேர்வொன்றை அமைத்தார். பென்சில் குறிகளை மின்கடத்தல் மூலம் கணக்கிடும் ஐபிஎம் 805 என்ற பொறி 1938இல் வெளிவந்தபின், பல்லாயிரம் விடைத்தாள்களை விரைந்து திருத்துவது எளிதாயிற்று. இந்தியாவில் கேரள அரசின் நுழைவுத் தேர்வு ஆணையர் அலுவலகம் 1983இலும், தமிழ்நாட்டின் தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு அதையடுத்தும், அகில இந்திய மருத்துவ முன்தேர்வு 1988இலும் தொடங்கின. வெவ்வேறு வாரியங்களில் படித்தோரை ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும் என்பது இவற்றுக்குச் சொல்லப்பட்ட முதன்மைக் காரணம்.

கொள்குறி வினாவின் உண்மையான கைத்திறன் வினாவில் இல்லை; அதன் கீழுள்ள தவறான விடைகளில் இருக்கிறது. 25 கிராம் கால்சியம் கார்பனேட்டை முழுவதும் சிதையுமாறு சூடாக்கினால், 0 டிகிரி செல்சியசிலும் ஒரு வளிமண்டல அழுத்தத்திலும் எத்தனை லிட்டர் கார்பன் டைஆக்சைடு கிடைக்கும் என்ற வினாவை எடுத்துக்கொண்டால், கால்சியம் கார்பனேட்டின் மூலக்கூறு எடை 100 ஆதலால் 25 கிராம் என்பது 0.25 மோல், ஒரு மோல் கார்பனேட்டு ஒரு மோல் வாயுவைத் தருவதாலும், ஒரு மோல் வாயு அந்நிலையில் 22.4 லிட்டர் இடம் கொள்வதாலும், விடை 5.6 லிட்டர். வினா அமைப்பவர் இதனருகே 22.4, 11.2, 11.0 என்ற எண்களை வைப்பார். மோல் எண்ணிக்கையைக் கணக்கிட மறந்தவர் முதல் எண்ணையும், மூலக்கூறு எடைக்குப் பதில் சமான எடையான 50ஐக் கொண்டவர் இரண்டாவதையும், பருமனுக்குப் பதில் வாயுவின் எடையைக் கண்டவர் மூன்றாவதையும் தம் விடையெனக் கண்டு அமைதியடைவர். முன்பு திருத்துபவர் விடைத்தாளில் தேடிப் பிடித்த பிழைகள், இப்போது தேர்வுக்கு முன்பே ஊகிக்கப்பட்டு அச்சிடப்பட்டுவிடுகின்றன.

என்தால்பிக்கும் சமநிலைக்கும் இடையே இத்தகைய கண்ணி இன்னும் நுட்பமானது. என்தால்பி மாற்றம் என்பது மாறா அழுத்தத்தில் ஒரு வினை வெளிவிடும் அல்லது உறிஞ்சும் வெப்பம். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து இரண்டு மோல் அம்மோனியா உருவாகும்போது ஏறத்தாழ 92 கிலோஜூல் வெளிப்படுவதால், சமன்பாட்டைப் பாதியாக்கினால் அது 46 ஆகும். சமநிலை மாறிலி என்பதோ விளைபொருள்களின் செறிவுப் பெருக்கத்துக்கும் வினைபடுபொருள்களின் செறிவுப் பெருக்கத்துக்கும் உள்ள விகிதம். செறிவுகள் அடுக்குகளாக நுழைவதால், சமன்பாட்டைப் பாதியாக்கும்போது மாறிலி பாதியாவதில்லை, அதன் வர்க்கமூலமாகிறது. மாறிலி 64 எனில் சரியான விடை 8. என்தால்பியில் பழகிய கை 32ஐக் குறிக்கும் என்பதை அறிந்தே அவ்வெண்ணும் அங்கே வைக்கப்படுகிறது. கணிப்பான் அனுமதிக்கப்படாததால், எண்கள் எளிதில் சுருங்குமாறு தேர்ந்தெடுக்கப்பட, மடக்கை அட்டவணை புரட்டும் பழக்கம் போய்த் தோராய மதிப்பீடு முதன்மை பெற்றது. ஆனால் தோராயத்துக்கும் எல்லையுண்டு: திட்ட அழுத்தத்தை ஒரு வளிமண்டலத்திலிருந்து ஒரு பார் என மாற்றுமாறு பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் 1982இல் பரிந்துரைத்ததால், மோலார் பருமன் பழைய நூல்களில் 22.4 லிட்டராகவும் புதியவற்றில் 22.7 லிட்டராகவும் நிற்கிறது.

தவறுக்கு மதிப்பெண் கழிக்கும் விதி, வேதியியலோடு நிகழ்தகவையும் சேர்த்தது. கேரளத் தேர்வில் ஐந்து விடைகள், சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு என்பதால், கண்ணை மூடிக் குறித்தால் சராசரி வரவு பூச்சியம். நாடு தழுவிய மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டில் கழிவு அதுவே ஆயினும் நான்கு விடைகளே உள்ளதால் வினாவுக்குக் கால் மதிப்பெண் சேரும், இரண்டு விடைகளைத் தள்ள முடிந்தால் அது ஒன்றரையாகும். தவறானதை விலக்கி நெருங்குவதே தனித் திறனாகிப் பயிற்சி மையங்களில் கற்பிக்கப்பட்டது.

ஒரு வினாவுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடமே கிடைக்கும் தேர்வில் வாசிப்பு மொழியின் சுமை பெரிது. வேதியியல் தமிழுக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீனின் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்ற நூல் 1875இலேயே வெளிவந்தது. இலங்கையின் உயர்தரத் தேர்வில் இன்றும் ஐம்பது பல்தேர்வு வினாக்கள் தமிழில் கேட்கப்படுவதோடு, படிகளை எழுதிக் காட்டும் இரண்டாம் தாளும் தனியே உண்டு. இந்தியாவிலோ நீட் தமிழிலும் நடத்தப்பட்டபின், 2018ஆம் ஆண்டுத் தாளில் 49 வினாக்களின் மொழிபெயர்ப்பு பிழையானது எனக் கண்ட சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தமிழில் எழுதியோருக்கு 196 மதிப்பெண் வழங்க ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எழுத்துத் தேர்வில் வினாவைத் தவறாகப் புரிந்துகொண்டவரும் தம் வழியைக் காட்டி ஓரளவு மீள முடிந்தது. கொள்குறித் தாளில் ஒரு சொல்லின் தடுமாற்றமும் மோல் கணக்கின் பிழையும் ஒரே தவறான வட்டமாகவே பதிவாகின்றன. பீர்மேட்டு மாணவருக்கு இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று.

தமிழ்நாடு தன் நுழைவுத் தேர்வை 2007இல் சட்டத்தின் வழியே கைவிட்டது. 2017 முதல் நீட் அங்கும் நடைமுறைக்கு வந்தது. கேரளப் பொறியியல் தேர்வு 2024இல் கணினிக்கு மாறியது. தேசியப் பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினில் 2020 முதல் விடைகள் தரப்படாமல் எண்ணை மட்டும் உள்ளிடும் வினாக்கள் சேர்ந்தமையால், விலக்கி நெருங்கும் உத்திக்கு அவ்வினாக்களில் இடமில்லை. ஆயினும் பொறி படிப்பது கடைசி எண்ணை மட்டுமே; திருத்துபவரின் பாகுபாட்டை நீக்கக் கொண்டுவரப்பட்ட முறை, மாணவர் எவ்வழியில் சிந்தித்தார் என்பதற்கான சான்றையும் உடன் நீக்கியது, அந்த இழப்பை விடைகளை எடுத்துவிட்டதால் மட்டும் ஈடுசெய்ய முடியவில்லை.